சீனிச் சம்பல் பணிஸ்: வெங்காயம் வதங்குவது முதல் ஓவனில் வேகும் வரை

இலங்கையின் தேநீர்க் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. போய் உட்கார்ந்ததும், நாம் கேட்காமலே ரோல்ஸ், பற்றீஸ், வடை, பணிஸ் எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கி மேசையில் வைத்துவிடுவார்கள். சாப்பிட்டதை மட்டும் எண்ணிக் காசு கொடுத்தால் போதும். அந்தத் தட்டில் முக்கோணமாக இருந்தால் அது மீன் பணிஸ். உருண்டையாக, மேலே பட்டர் மினுங்க இருந்தால் பெரும்பாலும் சீனிச் சம்பல் பணிஸ், அதாவது இனிப்பும் உறைப்புமாக வதக்கிய வெங்காயத்தை உள்ளே வைத்தது. சின்ன வயதிலிருந்தே என் கை முதலில் போவது அதற்குத்தான். அப்பா வேலை முடிந்து வரும் வழியில் பத்திரிகைத் தாளில் சுற்றி வாங்கி வருவார். தாளில் எண்ணெய் ஊறி எழுத்தெல்லாம் மறுபக்கம் தெரியும். பிய்த்தால் முதலில் மாவின் மெல்லிய இனிப்பு, அடுத்து வெங்காயத்தின் ஆழமான இனிப்பு, அது தொண்டைக்குள் இறங்கும்போது மிளகாயின் உறைப்பு.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு: பணிஸ் என்றால் பன், உறைப்பு என்றால் காரம், செத்தல் மிளகாய் என்றால் காய்ந்த மிளகாய், பாண் என்றால் பிரெட், தாச்சி என்றால் வாணலி, தேசிக்காய் என்றால் எலுமிச்சை, கறுவா என்றால் பட்டை, கராம்பு என்றால் கிராம்பு, ரம்பை என்றால் வாசனைக்குப் போடும் பாண்டன் இலை, நெட்டு என்றால் கொத்து. இந்தச் சொற்களை மாற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. பாண் என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுப் போனது. பேக்கரி அடுப்பைப் போறணை என்கிறோம், அதுவும் அவர்களுடையதுதான். சம்பல் மலாய்ச் சொல். சம்பலில் போடும் மாசிக் கருவாடு மாலைதீவிலிருந்து வருவது. கறுவா இந்தத் தீவிலேயே விளைவது. கடல்வழி வந்ததும் உள்ளூரில் விளைந்ததும் கைப்பிடி அளவான ஒரு பணிஸுக்குள் ஒன்றாக இருக்கின்றன.

பல வருடங்களாக வீட்டில் இதைச் செய்து வருகிறேன். அதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: பணிஸின் தரம் ஓவனில் முடிவாவதில்லை, தாச்சியில் முடிவாகிவிடுகிறது. சம்பலின் இனிப்பு சீனியிலிருந்து வந்தால் அது ஜாம் போலத் தனியாகத் தித்திக்கும், உறைப்பு இன்னொரு பக்கம் தனியாக எரிக்கும். இனிப்பு வெங்காயத்திலிருந்தே வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதற்கு ஒரு மணி நேரம் அடுப்படியில் நிற்க வேண்டும். குறுக்கு வழி எதுவும் எனக்குத் தென்படவில்லை. பேக்கிங் சோடா போட்டால் வெங்காயம் சீக்கிரம் சிவக்கும் என்பது உண்மை. ஆனால் கூழாகிவிடும், சம்பலுக்கு இருக்க வேண்டிய இழை இழையான தன்மை போய்விடும்.

முந்தைய நாள்: சம்பல்

சம்பலை முதல் நாளே செய்துவிடுங்கள். மாவுக்குள் வைக்கும்போது அது முழுவதும் ஆறி இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். இரவு முழுக்க இருந்தால் சுவைகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும் என்பது இன்னொன்று. 12 பணிஸுக்குத் தேவையான அளவு இது:

வெங்காயம் 1 கிலோ (பாதி பெரியது, பாதி சின்ன வெங்காயம்)
தேங்காய் எண்ணெய் 100 மில்லி
மாசி 40 கிராம்
இடித்த செத்தல் மிளகாய் 2 மேசைக்கரண்டி
மிளகாய்த் தூள் 1 தேக்கரண்டி
பழப்புளி தேசிக்காயில் பாதி அளவு, 60 மில்லி வெந்நீரில் கரைத்தது
சீனி 2 முதல் 3 மேசைக்கரண்டி
உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி
கறுவாப் பட்டை விரல் நீளத்தில் ஒன்று, ஏலம் 4, கராம்பு 4
ரம்பை விரல் நீளத் துண்டு, கறிவேப்பிலை 2 நெட்டு

1 கிலோ வெங்காயம் என்றதும் மலைக்க வேண்டாம். வெங்காயத்தில் பெரும்பகுதி நீர். வதங்கி முடிந்ததும் எண்ணெய், மாசி எல்லாம் சேர்த்தே ஏறக்குறைய அரைக் கிலோ சம்பல்தான் கிடைக்கும். ஒரு பணிஸுக்கு 40 கிராம் வீதம் 12 பணிஸுக்கு அது சரியாக இருக்கும். முழுவதும் சின்ன வெங்காயமாகவே போட்டால் சுவை இன்னும் நன்றாக இருக்கும், உரிக்கப் பொறுமை இருந்தால் அப்படியே செய்யுங்கள்.

மாசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சூரை வகை மீனை உப்பு நீரில் வேகவைத்து, புகை காட்டி, மரக்கட்டை போலக் கடினமாகும் வரை வெயிலில் காய வைப்பதுதான் மாசி. 14ஆம் நூற்றாண்டில் மாலைதீவில் தங்கியிருந்த இபின் பதூதா, அங்கே மீனை இப்படி வேகவைத்துப் புகையூட்டி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யேமனுக்கும் அனுப்பியதை எழுதியிருக்கிறார். அத்தனை பழைய சரக்கு. தமிழ்நாட்டில் தூத்துக்குடி, இராமேசுவரம் பக்கம் மாசிக் கருவாடு என்று கேட்டால் கிடைக்கும். வெளிநாட்டில் இலங்கைக் கடைகளில் சில்லாக உடைத்த மாசி பாக்கெட்டில் இருக்கும். எப்படி வாங்கினாலும் உரலில் போட்டு இடியுங்கள். பொடியாக அரைத்தால் சம்பலில் கரைந்து மண் போலாகிவிடும், பெரிய துண்டாக விட்டால் பல்லில் கட்டையாக மாட்டும். அவல் அளவு சரியாக இருக்கும்.

வெங்காயத்தை நீளவாக்கில், தீப்பெட்டிக் குச்சியின் தடிப்புக்குச் சீவுங்கள். இன்னும் மெல்லியதாகச் சீவினால் பாதி வழியிலேயே கரிந்து காணாமல் போகும். அகலமான, அடி கனத்த தாச்சியை எடுங்கள். ஒடுக்கமான பாத்திரத்தில் நீர் ஆவியாக இடமில்லாமல் வெங்காயம் தன் தண்ணீரிலேயே அவியும்.

எண்ணெய் காய்ந்ததும் கறுவா, ஏலம், கராம்பு போடுங்கள். வாசம் எழுந்ததும் ரம்பையும் கறிவேப்பிலையும். அவை படபடத்து அடங்கியதும் வெங்காயம் முழுவதையும் உப்பையும் ஒன்றாகப் போட்டுக் கிளறுங்கள். உப்பை முதலிலேயே போடுவது வெங்காயத்திலுள்ள நீரை வெளியே இழுக்கத்தான்.

முதல் 10 நிமிடம் நடுத்தரத்துக்கு மேலான தணலில் வையுங்கள். வெங்காயம் துவண்டு, தாச்சியில் தண்ணீர் கட்டும். அது வற்றத் தொடங்கியதும் தணலைக் குறைத்துவிடுங்கள். இனி 40, 45 நிமிடம் இப்படியேதான். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அடியோடு புரட்டிவிட வேண்டும். சத்தத்தைக் கவனித்தால் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். தண்ணீர் இருக்கும்வரை சளசளவென்று கேட்கும். அது குறைந்து, சின்னதாகப் பொரியும் சத்தம் வரும்போது நிறமும் மாறும்: முதலில் பொன், பிறகு தேன், கடைசியில் பனங்கட்டி நிறம். வெங்காயத்தின் காரமான நெடி சூட்டில் போய்விட, அதற்குள் எப்போதும் இருந்த இனிப்பு நீர் வற்றி அடர்த்தியாகி நாக்குக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. பனங்கட்டி நிறம் வந்ததும் ஒரு இழையை எடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். இன்னும் ஒரு துளி சீனி போடாத சம்பல் அது.

இப்போது மாசியைச் சேர்த்து இரண்டு நிமிடம் வதக்குங்கள். பிறகு இடித்த மிளகாயும் தூளும். மிளகாயின் உறைப்பு எண்ணெயில்தான் கரையும். அதனால் எண்ணெய் பிரிந்து நிற்கும் இந்தக் கட்டத்தில் போட்டால் எல்லா இழையிலும் சமமாக ஏறிவிடும். ஒரு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள், மிளகாய் கருகினால் கசப்பு வந்துவிடும், அதைச் சரிசெய்ய வழியில்லை. உடனே புளிக்கரைசலை ஊற்றுங்கள். புளியை முன்பே ஊற்றக் கூடாது. புளிப்பு பட்டால் வெங்காயம் மெத்தென்று ஆகாமல் விறைத்தே நிற்கும்.

புளி வற்றி மறுபடி எண்ணெய் பிரிந்த பிறகுதான் சீனி. முதலில் 2 மேசைக்கரண்டி மட்டும். சீனி போட்டதும் சம்பல் கொஞ்சம் இளகும், பயப்பட வேண்டாம், ஐந்து நிமிடத்தில் மினுங்கிக்கொண்டு இறுகும். அகப்பையால் தாச்சியின் நடுவில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு அப்படியே நின்றால் இறக்கலாம். ஓரத்திலிருந்து ஈரம் ஓடிவந்து மூடினால் இன்னும் கொஞ்ச நேரம். சோற்றுக்கோ இடியப்பத்துக்கோ என்றால் சிலர் கட்டித் தேங்காய்ப் பாலும் சேர்ப்பார்கள், நல்ல சுவைதான். ஆனால் பணிஸுக்கு வேண்டாம். சம்பலில் இருக்கும் ஈரம் ஓவனில் ஆவியாகி மாவைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

உப்பு, இனிப்பு, உறைப்பு சரியா என்று தாச்சியிலிருந்து சுடச்சுட எடுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சூட்டில் இனிப்பு தூக்கலாகத் தெரியும். ஒரு கரண்டி சம்பலைத் தட்டில் ஆறவிட்டு, ஒரு துண்டு பாணில் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். பாண் எல்லாச் சுவையையும் ஒரு படி கீழே இறக்கிவிடும். பாணோடு சாப்பிடும்போதும் உறைப்பு தெரிந்தால்தான் பணிஸிலும் தெரியும். தனியாகச் சாப்பிட ‘கொஞ்சம் கூடிப்போச்சு’ என்று தோன்றும் சம்பல்தான் பணிஸுக்குச் சரியான சம்பல். மூன்றாவது கரண்டி சீனி தேவையா என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். நான் பெரும்பாலும் இரண்டோடு நிறுத்திவிடுவேன்.

கறுவா, ஏலம், கராம்பு, ரம்பை எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பணிஸைக் கடிக்கும்போது வாயில் கராம்பு அகப்பட்டால் அந்த வாய் முழுக்க அதுதான். ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஈரம் படாத கரண்டியால் எடுத்தால் இரண்டு வாரம் வரை இருக்கும்.

மாசி வேண்டாம் என்பவர்களுக்கு

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் சைவம். அன்றைக்கு மாசி இல்லாத சம்பல்தான், அதுவும் நன்றாகவே இருக்கும். மாசி கொடுக்கும் அந்த ஆழமான சுவைக்குக் கிட்ட வர வேண்டுமானால், 150 கிராம் காளானைப் பொடியாக வெட்டி, எண்ணெய் விடாமல் தனியாக வறுத்து, நீர் முழுவதும் சுண்டியதும் மாசி போடும் இடத்தில் போடுங்கள். உப்பும் புளியும் ஒரு சிட்டிகை கூட இருக்கட்டும்.

மா

இலங்கையில் கோதுமை மா என்றாலே வெள்ளை மாதான். இந்தியாவில் அதற்கு மைதா வாங்க வேண்டும். பிரெட் மாவு என்று தனியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் புரதம் கூடுதல், நன்றாக இழுபடும். முழுக் கோதுமை சேர்க்க ஆசைப்பட்டால் 100 கிராம் வரை மாற்றலாம். அதற்கு மேல் போனால் பணிஸ் கனத்துவிடும்.

மா 500 கிராம்
சீனி 60 கிராம்
உப்பு 8 கிராம்
உடனடி ஈஸ்ட் 7 கிராம்
இளஞ்சூடான பால் 260 மில்லி
முட்டை 1
பட்டர் 60 கிராம், அறை வெப்பத்தில் இளகியது

அளவுகளைத் தராசில் நிறுத்தே எடுங்கள். ஒரு கோப்பை மா என்பது அள்ளும் கைக்குக் கை மாறும். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிய பிறகுதான் என் பணிஸ் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வர ஆரம்பித்தது.

ஈஸ்ட் பாக்கெட் உடைத்துப் பல நாளானால் சோதித்துவிடுங்கள். பாலில் கொஞ்சம் எடுத்து, ஒரு சிட்டிகை சீனியும் ஈஸ்டும் கலந்து 10 நிமிடம் வைத்தால் மேலே நுரை கட்ட வேண்டும். கட்டவில்லையென்றால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்குங்கள். பால் விரலுக்கு இதமாக இருந்தால் போதும், சுட்டால் ஈஸ்ட் செத்துப்போகும்.

மா, சீனி, உப்பு, ஈஸ்ட் நான்கையும் கலந்து, அடித்த முட்டையையும் பாலில் 240 மில்லியையும் ஊற்றிச் சேருங்கள். மீதிப் பாலை மா கேட்டால் மட்டும் ஊற்றுங்கள். ஒவ்வொரு மாவும் ஒவ்வொரு அளவு நீரைக் குடிக்கும். மழைக்காலத்தில் எனக்கு அந்த மீதிப் பால் அப்படியே இருந்துவிடும். உதிரி மா இல்லாமல் சேர்ந்ததும் மூடி 15 நிமிடம் சும்மா விடுங்கள். இந்த ஓய்வு பிசையும் வேலையில் பாதியைக் குறைத்துவிடும்.

அதன்பின் பிசைதல். உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் முன்னே தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ளி. ஐந்து நிமிடம் போனதும் பட்டரை மூன்று பங்காகப் போடுங்கள். பட்டர் பட்டதும் மா வழுக்கி, பிரிந்து, எல்லாம் கெட்டுப்போனது போல இருக்கும். அந்த இடத்தில்தான் பலரும் மேலே மா தூவிவிடுகிறார்கள். தயவுசெய்து தூவாதீர்கள். தொடர்ந்து பிசைந்தால் மூன்று நான்கு நிமிடத்தில் தானாகவே சேர்ந்து பட்டுப்போல ஆகும். மேலே மா தூவிச் செய்த பணிஸ் அடுத்த நாளே வறண்டுவிடும்.

எல்லாம் சேர்த்து 12 முதல் 15 நிமிடம் ஆகும். போதுமா என்று தெரிந்துகொள்ள, ஒரு நெல்லிக்காய் அளவு மாவை எடுத்து இரு கை விரல்களாலும் மெதுவாக விரித்துப் பாருங்கள். கிழியாமல், பின்னால் இருக்கும் விரலின் நிழல் தெரியும் அளவுக்கு மெல்லிய படலமாக வந்தால் போதும். நிரப்பி வைக்கும் பணிஸுக்கு இது மிக அவசியம். இழுபடாத மா சம்பலைச் சுற்றி மூடாமல் கிழிந்துவிடும்.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடி வையுங்கள். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலிலும் சென்னை அக்னி நட்சத்திரத்திலும் 45 நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும். குளிர்நாடுகளில் ஒன்றரை மணி நேரம் கூட ஆகலாம். கடிகாரத்தைவிட மாவைப் பாருங்கள். விரலில் மா தொட்டு நடுவில் குத்தினால் குழி அப்படியே நிற்க வேண்டும். காலையில் சுடச்சுட வேண்டுமென்றால் ஈஸ்ட்டை 5 கிராமாகக் குறைத்து, பிசைந்த மாவை இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைக்கலாம். 8 முதல் 10 மணி நேரம் மெதுவாகப் பொங்கிய மாவுக்கு வாசமும் கூடுதல். குளிர்ந்த மா கையில் ஒட்டாது, உருட்டவும் சுலபம்.

உருட்டி நிரப்புதல்

பொங்கிய மாவை மெதுவாக அழுத்திக் காற்றை இறக்குங்கள். 12 பங்காக நிறுத்து வெட்டினால் ஒவ்வொன்றும் 78 கிராம் அளவில் வரும். ஒவ்வொன்றையும் உருட்டி, ஈரத்துணியால் மூடி 10 நிமிடம் விடுங்கள். உடனே தட்டினால் மா சுருங்கிச் சுருங்கித் திரும்பும்.

அந்த இடைவெளியில் சம்பலையும் 40 கிராம் வீதம் 12 உருண்டையாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து நேரே எடுத்தால் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும், உருண்டை கச்சிதமாக நிற்கும். தேங்காய் எண்ணெயிலேயே செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆரம்பத்தில் நான் செய்த தவறு ஆறாத சம்பலை வைத்ததுதான். விருந்தாட்கள் வரும் அவசரத்தில், இளஞ்சூடுதானே என்று நினைத்து உள்ளே வைத்தேன். பணிஸ் வெளியே அழகாகச் சிவந்து வந்தது. பிய்த்தால் உள்ளே பெரிய பொந்து, அதன் அடியில் சம்பல், சம்பலுக்குக் கீழே வேகாத மாப் பசை. சூட்டில் பட்டர் உருகி, சம்பலைத் தொட்ட மா அங்கேயே குழைந்துவிட்டது. அன்றிலிருந்து குளிர்ந்த சம்பலைத்தான் வைக்கிறேன்.

ஒரு உருண்டையை எடுத்து உள்ளங்கை அகலத்துக்குத் தட்டுங்கள். நடு கொஞ்சம் தடிப்பாகவும் ஓரம் மெல்லியதாகவும் இருக்கட்டும். மூடும்போது ஓரங்கள் எல்லாம் அடியில் வந்து ஒன்றுசேரும் என்பதால் எல்லாப் பக்கமும் சமமாகத் தட்டினால் அடிப்பக்கம் மொத்தமாகி, மேல்பக்கம் மெலிந்து வெடிக்கும். சம்பலை நடுவில் வைத்து, பெருவிரலால் அதை உள்ளே அமுக்கிக்கொண்டே மற்ற விரல்களால் ஓரங்களை மேலே கொண்டுவந்து கொழுக்கட்டை மூடுவதுபோலச் சேர்த்துக் கிள்ளுங்கள். ஓரத்தில் சம்பல் எண்ணெய் பட்டால் அது ஒட்டவே ஒட்டாது. பட்டுவிட்டால் துணியால் துடைத்து, துளி மா தொட்டுக் கிள்ளுங்கள். கிள்ளிய பக்கம் கீழே வரும்படி தட்டில் வைத்து, கையைக் கிண்ணம் போலக் குவித்து இரண்டு சுற்றுச் சுற்றினால் உருண்டை ஒழுங்காகும்.

பட்டர் தடவிய தட்டில் இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஒன்றையொன்று தொட்டு வளர வேண்டுமென்றால் ஒரு விரல் போதும். அப்படி ஒட்டி வெந்த பணிஸின் பக்கங்கள் பஞ்சுபோல இருக்கும், பிய்த்து எடுக்கும் சுகமே வேறு. என் விருப்பம் அதுதான்.

இரண்டாவது முறை பொங்க 35 முதல் 45 நிமிடம். விரலால் மெதுவாகத் தொட்டால் பள்ளம் விழுந்து, மெல்ல மெல்லப் பாதியளவு திரும்பி வர வேண்டும். சட்டென்று திரும்பினால் இன்னும் நேரம் தேவை. திரும்பவே இல்லையென்றால் தாமதமாகிவிட்டது, உடனே ஓவனுக்குள் வைத்துவிடுங்கள்.

ஓவனில்

பணிஸ் இரண்டாம் முறை பொங்கிக்கொண்டிருக்கும்போதே ஓவனை 190 பாகை செல்சியஸில் சூடாக்க ஆரம்பியுங்கள். 15, 20 நிமிடமாவது வேண்டும். காற்று சுழலும் விசிறி உள்ள ஓவன் என்றால் 175 போதும். ஒரு முட்டையை ஒரு மேசைக்கரண்டி பாலுடன் அடித்து, மெல்லிய தூரிகையால் மேலே பூசுங்கள். பூச்சு வழிந்து தட்டில் தேங்கினால் அடி ஒட்டிக்கொள்ளும்.

நடுத்தட்டில் 16 முதல் 18 நிமிடம். வீட்டு ஓவன்களில் பின்பக்கம் சூடு கூடுதல் என்பதால் 10 நிமிடம் கழித்துத் தட்டைத் திருப்பி வையுங்கள். மேல்பக்கம் தேன் நிறத்தைத் தாண்டிச் சிவந்திருக்க வேண்டும், அடியைத் தட்டினால் உள்ளீடற்ற சத்தம் கேட்க வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் மாவுப் பகுதியில் குத்திப் பாருங்கள், 90 பாகை வந்தால் வெந்துவிட்டது. நேரத்துக்கு முன்பே மேலே கறுக்க ஆரம்பித்தால் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள். வெளியே எடுத்த அந்த நிமிடமே பட்டர் பூசி, மெல்லிய துணியால் மூடுங்கள். மேல்தோல் மிருதுவாவது இந்தப் பத்து நிமிடத்தில்தான்.

ஊரில் வெதுப்பகப் போறணைக்குள்ளேயே விறகை எரிப்பார்கள். செங்கல் சுவர் முழுக்கச் சூடேறியதும் தணலை வாரி ஒதுக்கிவிட்டு, அந்தச் சூட்டிலேயே பாணும் பணிஸும் வேகும். நாலாபக்கமும் ஒரே சீரான சூடு, லேசான புகை வாசம். அது வீட்டு ஓவனில் வராது. உள்ளே மாசி இருந்தால் அதன் புகை வாசம் அந்த ஏக்கத்தைக் கொஞ்சம் தீர்க்கும்.

ஓவன் இல்லாதவர்கள் கனமான பெரிய பாத்திரத்தில் ஒரு விரல் உயரத்துக்கு மணலோ கல்லுப்போ பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கி வைத்து, மூடி, நடுத்தரத் தணலில் 15 நிமிடம் சூடேற்றுங்கள். சின்னத் தட்டில் நாலைந்து பணிஸை உள்ளே வைத்து, தணலைக் குறைத்து 22 முதல் 25 நிமிடம். நன்றாக வேகும், ஆனால் மேல்பக்கம் வெளிறியே இருக்கும். எடுத்து, தோசைக்கல்லில் பட்டர் விட்டு, தலைகீழாக ஒரு நிமிடம் வைத்தால் நிறம் வந்துவிடும்.

சில மாற்றங்கள்

அவித்த முட்டையை நெடுக்காகப் பாதியாக்கி, 20 கிராம் சம்பலோடு உள்ளே வைப்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிடித்தது. முட்டையின் வெட்டிய பக்கம் சம்பலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் மஞ்சள் கருவில் உறைப்பு ஊறும். சீஸ் வைப்பதும் இப்போது பழகிவிட்டது. உப்புச் சீஸ் துண்டு ஒன்றைச் சம்பலுக்கு அடியில் வையுங்கள், மேலே வைத்தால் உருகிப் பொந்து விழும். சீஸ் உறைப்பை அடக்கிவிடும் என்பதால் அன்றைக்கு இடித்த மிளகாயில் அரைக் கரண்டி கூட்டிக்கொள்ளலாம்.

முட்டை சேர்க்காதவர்கள் மாவில் முட்டைக்குப் பதில் 45 மில்லி பால் கூடுதலாக ஊற்றலாம், மேல்பூச்சுக்கும் பாலே போதும். மினுக்கம் குறையும், சுவை குறையாது.

கிள்ளிய இடம் அடியில் திறந்து சம்பல் வழிந்தால், சம்பலில் ஈரம் அல்லது ஓரத்தில் எண்ணெய், இரண்டில் ஒன்றுதான் காரணம். பக்கவாட்டில் வெடித்தால் இரண்டாவது பொங்கல் போதவில்லை. மேலே சுருங்கித் தளர்ந்தால் அது கூடிவிட்டது.

சுட்ட உடனே சாப்பிட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் எண்ணெயும் சீனியும் கடும் சூடாக இருக்கும், நாக்கு பொத்துவிடும். 20 நிமிடம் பொறுங்கள். அதற்குள் சம்பலின் எண்ணெய் சுற்றியுள்ள மாவில் மெல்லிய சிவப்பு வளையமாக ஊறியிருக்கும். மாசியோ முட்டையோ சீஸோ வைத்தவற்றை அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள், மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த நாளுக்குள் முடித்துவிடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் மா ரப்பர் போலாகும். மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, 150 பாகையில் 5 அல்லது 6 நிமிடம் வைத்து, பால் விடாத இஞ்சித் தேநீரோடு பிய்த்துச் சாப்பிடுங்கள்.